கணக்கில் வராத கடை

சுந்தரபாண்டியபுரம் என்றால் எல்லோருக்கும் சூரியகாந்திதான். சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் இங்கேயும் வந்து பூவோடு படம் பிடித்துக்கொண்டு போவார்கள். 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தில் கதாநாயகியின் ஊரும் இந்தப் பெயரில்தான் வரும். அந்தப் பூக்காட்டில் களையெடுக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு நான் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். நான் எழுத வந்தது அங்கே போட்ட ஒரு கழித்தல் கணக்கைப் பற்றி.

கடைக்குப் போகிறாய். கையில் 10 ரூபாய். 6 ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினால் மீதி எவ்வளவு? எந்தத் தொடக்கப்பள்ளியிலும் போடுகிற கணக்கு. 2022 செப்டம்பரில் நானும் போட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “யக்கா, அந்தக் கடைக்காரரு நமக்குக் குடுப்பாரா?”

அப்போதுதான் பாஞ்சாகுளம் வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதே தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் தின்பண்டம் கேட்கிறார்கள். ஊர்க்கட்டுப்பாடு, உங்க தெருவுக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். வழக்கு, கைது, கடைக்குச் சீல் என்று சட்டம் தன் வேலையைச் செய்தது. பாடத்தில் வருகிற கடை மட்டும் இன்னமும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

எனக்கும் ஒரு கடை உண்டு. ஊர்ப்பேர் வேண்டாம். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு போவேன். காசைத் திண்ணையில் வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். தண்ணி தெளிச்சுத்தான் எடுப்பாரு. மீதிச் சில்லறை தரையில் வந்து விழும். குனிந்து பொறுக்கித்தான் எனக்குக் கழித்தல் வந்தது. பள்ளிக்கூடத்தில் அதை யாரும் கணக்கு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

‘கணக்குக்கு ஏதுங்க சாதி? பத்தில் ஆறு போனால் யாருக்கும் நாலுதானே’ என்பார்கள். எண்ணுக்குச் சாதி இல்லை, சரி. ஆனால் எண் தனியாக வகுப்புக்குள் வருவதில்லை. கடையையும் தெருவையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப்பள்ளியில் அம்பேத்கரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுக்க மற்றப் பிள்ளைகள் ஓடினார்கள். பலகையில் இருந்தது கணக்கு. பின்னால் இருந்தது என்ன?

2022 ஜூனில் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை கொண்டுவந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அவரவர் நிற்கிற இடத்திலிருந்து கற்பிக்கச் சொல்கிறது. நல்ல காரியம்தான். என் கேள்வி வேறு. பிள்ளை எங்கே நிற்கிறது என்று அளக்கிறோம். அதன் முன்னால் நிற்கிற கடையை யார் அளப்பது? கணக்கைப் போடாமல் சிலேட்டைக் கீழே வைத்தவளை எதில் சேர்ப்பது, அரும்பிலா?

அதுக்காக, நம்ம பிள்ளைகளுக்குக் கணக்கைக் குறைத்துக் கதையும் பாட்டும் போதும் என்று யாராவது இரக்கப்பட்டால் அது இதைவிட மோசம். 1953-ல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. நமக்குத் தேவை கூடுதல் கணக்கு. களையெடுப்பில் ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு, அது யார் மடியில் போய்ச் சேருகிறது? இதுவும் கழித்தல்தான். மூன்றாம் வகுப்புக்கு இது புரியும்.

அன்றைக்கு அவளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “குடுப்பாருட்டி, நீ கணக்கப் போடு” என்றேன். அவள் 4 என்று எழுதினாள். நானும் ‘சரி’ போட்டேன். விடை சரி. நான் சொன்னதுதான் தப்பு.