ஏலத்தின் பச்சை

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் நான் முதலில் பார்ப்பது மரங்களைத்தான். பலாவும் சந்தன வேம்பும் வடிகட்டிய வெயில்தான் கீழே நிற்கும் ஏலச்செடிக்கு உணவு. நிழலில் வளரும் அதன் இலைகள் அகலமாய், மெல்லியதாய் விரிந்து, கிடைக்கும் ஒளியைப் பச்சையத்தால் பிடித்துக்கொள்கின்றன. காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்கே உள்ள கார்பன் டை ஆக்சைடு இலைத்துளைகள் வழியே நுழைகிறது. வேர் தந்த நீரோடு சேர்ந்து சர்க்கரையாகிறது. ஏலத்தின் மணத்தைத் தரும் எண்ணெயில் இருப்பதும் அந்தக் கார்பனே. காற்றே மணமாகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வெயில் மிகுந்தால் இலை மஞ்சளித்துக் கருகும். நிழல் மிகுந்தால் செடி உயரும், காய் குறையும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மரமேறிக் கிளை கழிக்கிறார்கள். கார்மேகம் மூடும் மாதங்களில் ஒளி உள்ளே இறங்க வேண்டும், அடுத்த கோடைக்குள் நிழல் மறுபடி கூட வேண்டும். எந்தக் கிளையை விடுவது என்று தீர்மானிக்கும் அந்தக் கண் பெரிய கலை. கம்பம், போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த தொழிலாளர் பலரின் உழைப்பில் வளர்ந்த தோட்டங்கள் இவை.

பறித்த காயை வெயிலில் போட்டால் பச்சையம் வெளுத்துவிடும். அதனால் உலர் அறையில் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் பொறுமையாக உலர்த்துகிறார்கள். புற்றடி ஏல மையத்தில் விலை சொல்லும்போது வியாபாரிகள் பார்ப்பவற்றுள் இந்தப் பச்சையும் ஒன்று.

கண்ணைப் பறிக்கும் பச்சையில் சாயம் கலந்திருக்கலாம். இலைப்பச்சையாய் அடங்கிய நிறமுள்ள காயையே கேட்டு வாங்குங்கள்.