முதல் வீடு யாருடையது? கொடைக்கானல் வரலாற்று எழுத்து பற்றி ஒரு குறிப்பு

கொடைக்கானல் வரலாறு என்று எதை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே மூன்று ஆண்டுகள் வந்துவிடும். 1821இல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு மலையை அளக்க வந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். 1863இல் கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். அப்புறம் 1872, கோக்கர் நடைபாதை. சுற்றுலாக் கையேடும் இப்படித்தான், நாளிதழ் இணைப்பும் இப்படித்தான், பெரிய ஆய்வு நூலின் முன்னுரையும் ஏறக்குறைய இப்படித்தான். கொஞ்ச நாளாகப் பழனி மலை பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வரிசையை எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கே இல்லை. எழுத எழுத ஒரு சந்தேகம் வந்தது. இது ஒரு ஊரின் வரலாறா, இல்லை ஒரு சபையின் குடும்ப ஆல்பமா?

மிஷனரிகள் இருந்த வருஷங்களை நினைவுகூர்ந்து எழுதிய நூல்களில் முக்கியமானது ஷார்லட் வைக்காஃப் எழுதிய 'கொடைக்கானல் 1845–1945'. தலைப்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஊருக்கு நூறு வயது என்றால் அது பிறந்தது 1845இல். பிறந்தது என்றால் இரண்டு பங்களாவுக்குக் கூரை போட்ட அன்று. எழுதியவர் அந்தச் சமூகத்துக்குள்ளேயே வாழ்ந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் ஊரைப் பற்றித் தன் ஆட்களுக்காக எழுதும் நூலுக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு, வெளியிலிருந்து வரும் ஆய்வாளனால் அதைக் கொண்டுவர முடியாது.

அந்தச் சமூகம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்த வகை எழுத்து பிடிபடும். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு 1834இல் மதுரையில் பணி தொடங்கியது. ஆட்கள் நேராக அமெரிக்காவிலிருந்து வரவில்லை, யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த மிஷனிலிருந்து வந்தார்கள். சமவெளியில் காய்ச்சலும் காலராவும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போக, உயிர் பிழைக்க ஓர் இடம் தேடினார்கள். சிறுமலையைப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல். அப்புறம்தான் இந்த மேட்டுக்கு ஏறினார்கள். ஆக, ஊட்டி மாதிரி ஆங்கிலேய அதிகாரிகள் உருவாக்கிய மலைவாசஸ்தலம் அல்ல இது. ஆரம்பமே அமெரிக்கர்கள். இங்கிலீஷ்காரருக்கு ஒரு கிளப், மிஷனரிகளுக்குத் தனியே ஒரு யூனியன், கோயிலைச் சுற்றிக் கல்லறை, ஏரியில் படகு, 1901இல் மிஷனரி பிள்ளைகளுக்கென்று ஹைகிளெர்க் பள்ளி. அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. நியூ இங்கிலாந்தின் ஒரு சின்னக் கிராமத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து 7,000 அடி உயரத்தில் நட்டது போல.

நட்டவர்கள் ஊரோடு சேர்த்து ஊர் வரலாறு எழுதும் முறையையும் கொண்டுவந்தார்கள் என்பது என் வாதம்.

ஜீன் ஓ'பிரையன் என்ற வரலாற்றாசிரியர், ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர், 2010இல் 'ஃபர்ஸ்டிங் அண்ட் லாஸ்டிங்' என்றொரு நூல் வெளியிட்டார். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் பகுதிகளின் சின்னச் சின்ன ஊர்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான உள்ளூர் வரலாறுகளைப் படித்து, அவை எல்லாமே ஒரே வாய்ப்பாட்டில் நடப்பதைக் காட்டினார். முதல் வீடு, முதல் தேவாலயம், முதல் பள்ளிக்கூடம், முதல் குழந்தை. இந்த 'முதல்'களை அடுக்கும்போதே அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் முன்னுரைக்குப் போய்விடுகிறார்கள். அதாவது அவர்கள் இயற்கைக் காட்சியில் சேர்த்தி. மரம், மலை, ஓடை, செவ்விந்தியர்.

இதைப் படித்துவிட்டு நம் மலைக்குத் திரும்பிப் பாருங்கள். பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர், கவுஞ்சி, குக்கல் எல்லாம் எங்கே வருகின்றன? "இம்மலையின் பழங்குடிகள்" என்ற ஒரு பத்தியில், சோலைக்காட்டுக்கும் குறிஞ்சிப் பூவுக்கும் நடுவில். 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை கெஸட்டியர் ஓர் அரசாங்க ஆவணம். யாருக்கும் ஆல்பம் போட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அது குன்னுவர்களைப் பற்றிச் சொல்வதைப் பார்த்தால், தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து நான்கைந்து நூற்றாண்டுக்கு முன் மேலே ஏறி வந்த வேளாளர்கள் தாங்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். கீழ்நாட்டில் போர் என்று ஒரு கதை, பஞ்சம் என்று இன்னொரு கதை. எதுவானாலும், உயிர் பிழைக்க மலையேறியவர்கள்! மிஷனரிகள் ஏறியதும் அதே காரணத்துக்குத்தான். ஒன்று ஊரின் தொடக்கமாகிறது, மற்றொன்று இனவரைவியல் குறிப்பாகிறது. அதற்கும் முன்னால் போனால் கல்திட்டைகள் இருக்கின்றன. ஆங்லாடு பாதிரியாரும் நியூட்டனும் சேர்ந்து 1928இல் தொல்லியல் துறைக்காக எழுதிய நூல் அவற்றைப் பற்றியதுதான்.

இந்த இடத்தில் நம்மவர்களையும் விட்டுவைக்கக் கூடாது. தமிழில் இதற்குப் பதில் எழுதுபவர்கள் உடனே புறநானூற்றுக்குத் தாவிவிடுகிறார்கள். கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவன், அவனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், ஆகவே இது எங்கள் ஊர், முடிந்தது வேலை. சரி, அதற்கப்புறம்? சங்க காலத்திலிருந்து 1845க்கு ஒரே பாய்ச்சல். வெள்ளைக்காரர் 'முதல்' என்றால் நாங்கள் 'அதற்கும் முதல்'. வாய்ப்பாடு மாறவில்லை, ஆண்டுதான் மாறுகிறது. மேல்மலைக் கிராமங்களைச் சொர்க்கம் மாதிரி எழுதுவதும் இதில் சேர்த்தி. குன்னுவர் நிலங்களில் புலையர்கள் ஏறக்குறைய அடிமைகளாகத்தான் உழைத்தார்கள் என்பதை யாரும் எடுத்து எழுதுவதில்லை. பளியர்கள் இந்த இரண்டு கதையிலும் தேன் எடுக்க மட்டும் வருவார்கள்.

விதிவிலக்காக ஒரு நூல் உண்டு. நோரா மிட்செல் எழுதிய 'தி இந்தியன் ஹில் ஸ்டேஷன்: கொடைக்கானல்', 1972இல் சிகாகோ பல்கலைக்கழகப் புவியியல் துறையின் ஆய்வு வரிசையில் வந்தது. யார் முதலில் வந்தார் என்பது அவருக்குப் பெரிய கேள்வி இல்லை. மலைவாசஸ்தலம் என்ற வகை ஊர் எப்படி உண்டாகிறது, எப்படி இயங்குகிறது என்று பார்க்கிறார். எனக்கு அதுதான் பிடித்தது. நினைவலைகளை விட நில அளவை சில சமயம் நியாயமாக இருக்கும். ஆனால் புவியியலாளரின் ஊரில் ஆட்கள் பேசுவதில்லை, அது ஒரு குறை.

என் அம்மாவின் தம்பி மூஞ்சிக்கல்லில் மளிகைக் கடை வைத்திருந்தார். பூர்வீகம் வத்தலகுண்டு. அவருடைய தாத்தா தலைச்சுமையோடு மலை ஏறியவர். அப்போது ரயிலில் அம்மையநாயக்கனூரில் (இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம்) இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரத் தோப்புவரை வந்து, அங்கிருந்து நடையோ மட்டக்குதிரையோதான். முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிப் போவார்கள். மோட்டார் சாலை வரும்வரை இந்த ஊரின் ஒவ்வொரு பியானோவும் ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியும் இப்படி யாரோ ஒருவர் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர். பாதையின் பெயரில் கூலி இருக்கிறார், ஊரின் வரலாற்றில் இல்லை.

மாமாவிடம் இந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "சீசன்ல வந்து பாத்துட்டு எழுதிருப்பாய்ங்க மாப்ளே. மழைல வந்து பாக்கச் சொல்லு." ஒரு வரியில் முடித்துவிட்டார். யூனியன் கூட்டம், படகுப் போட்டி, மலை நடை, எல்லாம் கோடைக்காலச் சங்கதி. ஏப்ரலில் ஊர் தொடங்குகிறது, ஜூனில் முடிகிறது. மீதி மாசங்களில் அங்கேயே கிடந்தவர்கள் ஊராகக் கணக்கில் வருவதில்லை. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் 36,501 பேர். இன்றும் கொடைக்கானல் பற்றிய பேச்சு முழுவதும் மேலே வருகிறவர்களைப் பற்றித்தான். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தபோது நடந்த விவாதமும் எத்தனை வண்டி என்ற கணக்கிலேயே சுற்றியது. வண்டியை எண்ண வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் என்றால் வந்து போகிறவர்கள் என்ற பழக்கம் 1845 கதையிலிருந்தே வருகிறது என்கிறேன்.

இன்னொரு அமெரிக்கச் சிற்றூர்க் கதையும் இந்த ஊருக்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்று ஓர் ஊர். அங்கே செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை மூடி, எந்திரங்களைப் பெயர்த்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நிறுவினார்கள். பின்னால் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, 7.4 டன், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே வந்தது, தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி பென்சில்வேனியாவுக்கு அனுப்பினார்கள். ஹெல்லர்டவுன் என்ற சின்ன ஊரில் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. வாட்டர்டவுன், கொடைக்கானல், ஹெல்லர்டவுன்: இந்த மூன்று ஊர்களையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதும் ஊர் வரலாறு வேண்டும். பங்களா எப்படி வந்தது என்பது போலவே தொழிற்சாலை எப்படி வந்தது என்பதும் ஊர்க் கதைதானே. ஏரி, நடைபாதை, தூண்பாறை என்று நீளும் பட்டியலில் செயின்ட் மேரிஸ் ரோட்டுத் தொழிற்சாலை எங்கேயும் இல்லை. பார்க்கத் தகுந்த இடம் இல்லை போல.

மாமாவின் கடையை மூடி ஏழெட்டு வருஷம் ஆகிறது. பற்று நோட்டுகளை மட்டும் ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறார். போன தடவை இரண்டைப் பிரித்துப் பார்த்தேன். பெயர் பாதி, வேலை பாதி என்று எழுதியிருக்கிறார்: ஸ்கூல் சமையல், அப்சர்வேட்டரி வாட்ச்மேன், பாக்டரி, பாக்டரி, பூம்பாறை பூண்டு, குதிரைக்காரர். ஏப்ரல், மே மாசங்களில் ரொக்க வியாபாரம், நோட்டில் ஒன்றிரண்டு பக்கம்தான். ஜூலையிலிருந்து கடன் தொடங்குகிறது, பக்கம் பக்கமாகப் போகிறது. 2001 நோட்டில் மார்ச்சுக்கு அப்புறம் பாக்டரி என்ற சொல்லுக்கு நேரே புது வரவு எதுவும் இல்லை. பழைய பாக்கியை அடித்திருக்கிறாரா, வசூலித்தாரா என்று கேட்டேன். "அத எதுக்கு இப்ப கிளறுற?" என்று டின்னை வாங்கி வைத்துவிட்டார். ஆகஸ்டில் மறுபடி போகிறேன், மழை இருக்கும்போதே.