அரைப்பேரும் முழு மனுசியும்

இலங்கை மலையகத்தின் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் மழைக்கால ஞாயிறு என்றால் லயத்தை விட்டு வெளியே இறங்க முடியாது. அப்படி ஒரு நாளில், புகை அடைந்த காம்பராவில் நாலு பேர் உட்கார்ந்து தத்துவஞானி கீர்க்கெகார்டின் ‘மரணத்துக்கேதுவான வியாதி’யை வாசித்தோம். 1849இல் டென்மார்க்கில் வெளிவந்த நூல். தலைப்பு, யோவான் சுவிசேஷத்தில் வரும் லாசருவின் கதையிலிருந்து பிறந்தது.

அந்த வியாதிதான் விரக்தி. கீர்க்கெகார்ட் அதை வெறும் மனச்சோர்வாகப் பார்க்கவில்லை. தன்னைப் படைத்தவரோடு ஒட்டாமல், தான் தானாக இருக்க மாட்டாமல் தவிப்பதே அந்த நோய் என்கிறார். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று அடங்கிப்போவதும் அதில் ஒரு வகை. ‘முடியும்’ என்ற எண்ணம் அற்றுப்போனவனுக்கு மூச்சு முட்டும் என்று அவர் சொல்லும் இடத்தில் நாங்கள் வெகுநேரம் நின்றுவிட்டோம். கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் செக்ரோல் பதிவேட்டில் அரைநாள் கூலியான அரைப்பேர் விழுகிற இடம் இது. கடவுளின் முன் ஒவ்வொருவரும் முழு ஆள் என்று அடித்துச் சொல்லும் நூல் இங்கே மருந்துதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த மூச்சை முட்டவைத்தது யார் என்று நூல் கேட்பதில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. மிச்சம் 150,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாமல் காத்துக் கிடந்தவர்களின் விரக்தியை ஆன்மாவின் கோளாறு என்று மட்டும் சொன்னால், அது அநியாயம்.

நூல் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்குக் கீர்க்கெகார்டின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. அவருடைய தகப்பனார் ஏழைச் சிறுவனாக யூட்லாந்துப் பொட்டலில் ஆடு மேய்த்தவர். குளிரும் பசியும் தாங்காமல் ஒருநாள் கடவுளைச் சபித்தார். பிறகு கொப்பன்ஹேகனில் பெரிய வியாபாரியான பின்பும் அந்தக் குற்ற உணர்ச்சி விடவில்லை, மகனையும் பிடித்துக்கொண்டது. தகப்பன் சேர்த்த சொத்தில் வாழ்ந்த மகன் அந்தச் சாபத்தை எண்ணி நடுங்கினார். அந்தப் பசிக்கு அவருடைய தத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த காம்பரா அக்கா தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்று கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “ஏன் தம்பி, அந்தப் புள்ளைக்குப் போத்திக்க ஒரு கம்பளிகூட யாரும் குடுக்கலையா?” என்றார்.