அறிவினாவும் அறியா வினாவும்: உலகப் புவியியல் வினாவிடைகள் பற்றிய ஒரு திறனாய்வு

வினாவிடை என்பது தமிழர்க்குப் புதிய கல்விமுறை அன்று. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைப் பயின்றோர், ஒரு விடை அடுத்த வினாவுக்கு அடிகோல, அவ்வினா மற்றொரு விடைக்கு இட்டுச்செல்ல, சிறு பிள்ளையும் படிப்படியாகச் சமயப் பொருளினுள்ளே புகுத்தப்படும் திறத்தை அறிவர். இக்காலத்துப் பாடசாலை விழாக்களிலும் கழகப் போட்டிகளிலும், வானொலி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும், அரச சேவைக்கு ஆட்சேர்க்கும் போட்டிப் பரீட்சைகளிலும் ‘பொது அறிவு’ என்னும் பெயரால் வழங்கும் வினாவிடை இதனின் வேறானது. அதிலே புவியியலுக்குப் பெரும்பங்கு உண்டு. உலகின் மிக நீண்ட ஆறு எது, மிக உயர்ந்த மலை எது, இன்ன நாட்டின் தலைநகர் யாது என வினாக்கள் எழுகின்றன, மணி ஒலிக்கின்றது, புள்ளி வழங்கப்படுகின்றது. இவ்வாறு அளக்கப்படுவது மெய்யாகவே உலக அறிவுதானா என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் விடையை அறிந்திருந்தும் பிறர் அறிவை அறியும்பொருட்டு வினாவுவது அறிவினா. அறியாமையால், அறிய விரும்பி வினாவுவது அறியா வினா. இதுவோ அதுவோ என ஐயுற்று வினாவுவது ஐயவினா. ஏனைய மூன்றும் ஈண்டு வேண்டா. போட்டி மேடையில் எழும் வினாக்கள் யாவும் அறிவினாக்களே. அதுபற்றி அவற்றை இகழ்தல் பொருந்தாது. ஆசிரியத் தொழிலே அறிவினாவால் நடப்பதன்றோ? ஆயின், நல்லாசிரியன் வினாவும் அறிவினா மாணாக்கன் உள்ளத்தில் ஓர் அறியா வினாவைப் பிறப்பிக்கின்றது. அவனை ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்கச் செய்யாத வினா, விடை கிடைத்த அக்கணமே இறந்துபடுகின்றது. புவியியல் வினாக்களின் தரத்தை அளத்தற்கு யாம் கொள்ளும் அளவுகோல் இதுவே.

இடப்பெயர்ப் பயிற்சியை முற்றாக ஒதுக்குவாரோடு எமக்கு உடன்பாடு இல்லை. எழுத்தறியாதான் நூல் கற்க இயலாதவாறு போல, இடப்பெயர் அறியாதான் உலகப்படத்தைக் கற்க இயலாது. சூயெசுக் கால்வாய் எங்குளது என்று அறியாதவனுக்கு, 2021 மார்ச்சில் ஒரு பெருங்கப்பல் குறுக்கே சிக்கி அக்கால்வாயை ஆறு நாள் அடைத்த செய்தி வெறுஞ்சொற் கூட்டமே ஆகும். போட்டி என்பது சோம்பிய மாணாக்கனையும் தேசப்படப் புத்தகத்தைத் திறக்கச் செய்யும் ஆற்றலுடையது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாஷனல் ஜியோகிரபிக் சங்கம் 1989 முதல் 2019 வரை நடத்திய பாடசாலைப் புவியியற் போட்டி நாடெங்கும் புகழ்பெற்றது. அதன் இறுதி ஆண்டுகளில் வெற்றிபெற்றோருட் பலர் இந்திய வம்சாவளிச் சிறார். பெயரறிவு முதற்படி என்பதில் ஐயமில்லை. முதற்படியையே மாளிகை என்று கொள்வதுதான் குற்றம்.

அக்குற்றத்தின் முதற் பயன், அறிவு விரைவிற் பழையதாதல். பர்மா 1989 இல் மியன்மார் ஆயிற்று. சுவாசிலாந்து 2018 இல் எசுவாத்தினி ஆயிற்று. கசக்ஸ்தானின் தலைநகராகிய அஸ்தானா 2019 இல் நூர்-சுல்தான் எனப்பட்டு, 2022 இல் மீண்டும் அஸ்தானா ஆயிற்று. பழைய வினாவிடை நூலை வருந்தி மனனஞ்செய்த மாணாக்கன் தன் உழைப்பினாலேயே பிழைபடுகின்றான். பெயர் மாறினும் காரணம் நிலைத்து நிற்பது. பிரேசில் 1960 இலும், நைஜீரியா 1991 இலும், மியன்மார் 2005 இலும் தலைநகரைத் துறைமுக நகரிலிருந்து உள்நாட்டுக்கு மாற்றின. இம்மூன்று பெயர்களையும் தனித்தனியே கேட்டால் மூன்று புள்ளி. மூன்றுக்கும் பொதுவானது யாது என்று கேட்டால், அந்நியர் கடல்வணிகத்தின் பொருட்டு வளர்த்த துறைமுகங்களே அந்நாடுகளுக்குத் தலைநகர்களாய் நின்றன என்னும் வரலாறு வெளிப்படும். கொழும்பின் வளர்ச்சியும் அப்போது மாணாக்கனுக்கு விளங்கும்.

இரண்டாவது குற்றம், ஐயத்துக்கு இடமளியாமை. மிக உயர்ந்த மலை எது என்னும் வினாவுக்கு எவரெஸ்ற் என்பதே அட்டையில் எழுதப்பட்ட விடை. கடல் மட்டத்திலிருந்து அளப்பின் 8,849 மீற்றர் உயர்ந்த அம்மலையே மிக உயர்ந்தது. புவியின் மையத்திலிருந்து அளப்பின், 6,263 மீற்றரே உயர்ந்த ஈக்குவடோர் நாட்டுச் சிம்பொராசோ முந்திவிடும். பூமி நடுக்கோட்டிற் புடைத்திருத்தலே அதற்குக் காரணம். அடிவாரத்திலிருந்து அளப்பின், கடலடியிலே கால்கொண்டு எழும் ஹவாய்த் தீவின் மௌனாகியாவே முதன்மை பெறும். ‘ஐயா, எதிலிருந்து அளப்பது?’ என்று வினாவும் மாணாக்கனே அவையிற் சிறந்த புவியியலாளன். எனினும் நடப்பிலுள்ள விதிப்படி அவன் புள்ளி இழக்கின்றான். சிந்தியாது மணியை அழுத்தியவன் பரிசு பெறுகின்றான்.

மூன்றாவது குற்றம் எல்லாவற்றினும் பெரிது. உலகத்தைத் தேடிச் செல்லும் இவ்வினாக்கள் நாம் நிற்கும் நிலத்திலிருந்து புறப்படுவதில்லை. மிசிசிப்பி எங்கே கடலோடு கலக்கின்றது என்று கூறும் பிள்ளை, ஏறத்தாழ 56 கி.மீ. நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலப்பதைக் கூற அறியாது நிற்றல் தகுமா? மாரியில் முகத்துவாரம் வெட்டப்படுவது ஏன் என்பதைப் படுவான்கரை உழவன் அறிவான். அவன் மகனிடம் அதனை எவரும் வினாவுவதில்லை. நம் முன்னோர் வாவியின் இரு மருங்குக்கும் எழுவான்கரை, படுவான்கரை என ஞாயிற்றை நோக்கியே பெயரிட்டனர். அப்பெயர்களிலிருந்தே ஒரு நல்ல வினா எழும்: ஞாயிறு கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஒரே வேளையில் எழுமா? நெடுங்கோட்டில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இரு நகர்க்கும் இடையே ஏறக்குறைய ஒன்றேமுக்காற் பாகைக்குச் சற்று மேல். ஆகவே நமக்கு ஏழு நிமிடம் முந்தி விடிகின்றது. இக்கணக்கைச் செய்த பிள்ளைக்கு, இலண்டன் நேரம் ஏன் பிந்தியது என்பதை மனனஞ்செய்ய வேண்டியதில்லை.

இன்னும் ஒரு வினா: கல்லடிக் கடற்கரையிலிருந்து நேர் கிழக்கே கப்பல் செலுத்தின் எந்நாட்டை அடைவோம்? சுமாத்திரா என்று கூறத் தோன்றும். அது நமக்குத் தென்கிழக்கே உளது. நேர் கிழக்கே செல்லுங் கப்பல் நிக்கோபார்த் தீவுகளினூடே சென்று, தாய்லாந்தின் புக்கெற் தீவை அடுத்த கடலை அடையும்.

இத்தகைய அறிவு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி நாம் கண்டோம். அன்று காலை புக்கெற் தீவின் மைக்காவோ கடற்கரையில், டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துக் குழம்புவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்ற ஆழிப்பேரலைப் பாடம் அவள் நினைவுக்கு வந்தது. அவள் கூறிய எச்சரிக்கையால் ஏறக்குறைய நூறு பேர் அக்கரையிலிருந்து அகன்று உயிர் பிழைத்தனர். அதே நாளில் இலங்கையில் 30,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர்; கல்லடியும் நாவலடியும் அழிந்தன. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தபின், அலை நமது கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. இந்து சமுத்திரத்துக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லாமையால் அந்நேரம் நமக்குப் பயன்படவில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. கடலடி நிலம் ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்தமையால், கிழக்கே சென்ற அலைக்கு முன்னே பள்ளமும், மேற்கே வந்த அலைக்கு முன்னே மேடும் அமைந்தன. எனவே தாய்லாந்துக் கரையிற் கடல் முதலிற் பின்வாங்கியது. நமது கீழ்க்கரையிலோ நீர் எழுந்தே வந்தது. ‘ஆழிப்பேரலைக்கு முன் கடல் பின்வாங்கும்’ என்பதைக் காரணமின்றி ஒரு துணுக்காக மட்டும் மனனஞ்செய்தவன், இக்கரையில் அவ்வறிகுறிக்காகக் காத்திருந்தே மாண்டிருப்பான். துணுக்கறிவுக்கும் புவியியல் அறிவுக்கும் உள்ள வேற்றுமை உயிரோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆதலின், வினாவிடைப் போட்டிகளை ஒழித்தல் வேண்டும் என்பது எமது கருத்தன்று. திருத்துதல் வேண்டும் என்பதே. பெயர் கூறியவனுக்குப் பாதிப் புள்ளியும், காரணம் கூறியவனுக்கே முழுப் புள்ளியும் வழங்குக. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வினாவேனும் வாவியையும் வயலையும் கடலையும் பற்றியதாகுக. ‘எதிலிருந்து அளப்பது?’ என மறுவினா எழுப்பும் மாணாக்கனுக்குத் தனிப் புள்ளி ஒன்று உரியதாகுக. இவ்வாறு செய்யின் ஒரு மாலைப் பொழுதிற் கேட்கப்படும் வினாக்கள் நாற்பதிலிருந்து பத்தாகக் குறையலாம். அப்பத்தையும் மாணாக்கர் வீட்டுக்குக் கொண்டுசென்று தாய் தந்தையரிடமும் தேசப்படத்திடமும் மேலும் வினாவுவார்களாயின், போட்டி நடத்தியதன் பயன் அதுவேயாம்.