உடைந்ததும் உடைத்ததும்: பள்ளி மாணவரின் புகைப்படத் திட்டம் பற்றிச் சில எண்ணங்கள்

தலைநகரில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ப்ராஜெக்ட்' இல்லாத வகுப்பே இல்லை. ஓவியம், புகைப்படம் போன்றவற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதை வைத்துப் பத்துப் படங்கள் எடுத்து வா என்று அனுப்புகிறார்கள். அப்படித் தரப்படும் சொற்களில் ஒன்று 'ப்ரோக்கன்னெஸ்'. அதாவது, உடைந்த நிலை.

பிள்ளை கைப்பேசியோடு கிளம்புகிறது. என்னென்ன படங்கள் வரும் என்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி, கை போன பொம்மை, முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் தோழி, மேம்பாலத்தின் அடியில் தூங்கும் ஒரு ஏழையின் வெடித்த பாதம். எல்லாம் கறுப்பு வெள்ளையில். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் படங்களை இரண்டாம் முறை பார்க்கத் தோன்றுவதில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அம்மாவின் ஆட்சேபம்

வீட்டில் முதல் விமர்சனம் அம்மாவிடமிருந்து வரும். "ஏண்டா, நல்லதா ஒண்ணும் கிடைக்கலியா? உடைஞ்சதைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?" இதைப் பழைய நம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உடைந்த கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்றும், பின்னமான விக்கிரகத்தை வைத்துப் பூஜை செய்யக் கூடாது என்றும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாலிக்கயிறு அறுந்தது என்று வாயால் சொல்லாமல் 'பெருகிற்று' என்று சொன்ன வழக்கும் நம்மிடம் இருந்தது. இலக்கணத்தில் இதற்கு 'மங்கலம்' என்றே பெயர்.

அதே நாம்தான் பிள்ளையார் முன்னால் சிதறுகாய் உடைக்கிறோம், திருஷ்டி கழியப் பூசணிக்காய் உடைக்கிறோம், மயானத்தில் கொள்ளிக்குடம் உடைக்கிறோம். தானாக உடைந்தால் அபசகுனம், நாமாக உடைத்தால் சடங்கு! நம் பாட்டிமார் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். பிள்ளைகள் எடுக்கும் படங்களில் காணாமல் போவது இந்த வித்தியாசம்தான்.

ஒரு சொல்லும் பல சொற்களும்

'ப்ரோக்கன்' என்பது ஒற்றைச் சொல். கண்ணாடி, கம்பு, கயிறு, வாக்குறுதி எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அதுவே போதும். தமிழில் அப்படி முடியாது. குடம் உடையும், கம்பு முறியும், கயிறு அறும், துணி கிழியும், சுவர் விரிசல் விடும், அப்பளம் நொறுங்கும், கோயில் சிதிலமாகும். மனித விஷயங்களுக்கும் இதே வினைகள்தாம். மனம் உடையும், உறவு முறியும், தொடர்பு அறும், நம்பிக்கை நொறுங்கும். தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு ஒன்றுக்குப் பதில் பத்துத் தலைப்புகள் கிடைத்துவிடுகின்றன. 'முறிவு' என்று எடுத்தால் மரக்கிளை, எலும்பு, பேச்சுவார்த்தை. 'கிழிசல்' என்று எடுத்தால் பள்ளிப் பை, பாட்டியின் புடவை, சுவரொட்டி. ஒவ்வொன்றும் தனித் திட்டம். தமிழ் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டலாம்.

இன்னும் ஒரு படி போகலாம். உடைந்தது, உடைத்தது, முறிந்தது, முறித்தது, கிழிந்தது, கிழித்தது, சிதைந்தது, சிதைத்தது. ஏழாம் வகுப்புத் தன்வினை, பிறவினைதான். கேமராவுக்குத் தன்வினை மட்டுமே தெரியும். உடைந்து கிடப்பதைக் காட்டும். உடைத்தது யார் என்பதைத் தானாகச் சொல்லாது. இந்தக் குறையை உணர்ந்து வேலை செய்கிறவரே நல்ல புகைப்படக்காரர். உணராதவர் சில சமயம் தீங்கும் செய்துவிடுகிறார். நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு.

லக்னோவும் தாது வருஷமும்

1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக் மாளிகையில் கிளர்ச்சிச் சிப்பாய்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு அங்கே வந்த பெலிச்சே பியாட்டோ எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. குண்டு துளைத்த மாளிகை, அதன் முன்னே பரவிக் கிடக்கும் எலும்புகள். கொலை நடந்து சில மாதங்கள் கழித்து எடுத்த படம் அது. எலும்புகள் படத்துக்காகவே தோண்டியெடுத்துப் பரப்பப்பட்டவை என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. பார்ப்பவருக்கு அது 'சிதைந்த' காட்சி. உண்மையில் 'சிதைத்த' காட்சி. சிதைத்தவர்களில் படமெடுத்தவரும் ஒருவர்.

இரண்டாவது சான்று நமக்கு நெருக்கமானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். அப்போது சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர், பட்டினியால் எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் படம் எடுத்தார். ஏதோ குடும்பப் படம் எடுப்பது போன்ற அமைப்பு! பெயர் இல்லை, ஊர் இல்லை. எடுத்தவருக்கு இரக்கம் இல்லை என்ற கண்டனம் எழுந்தது. பின்னர் 1886இல் மாண்டலேயில் மரண தண்டனைக் காட்சிகளைப் படமெடுத்ததற்காக இதே ஹூப்பர் விசாரணைக்கும் உள்ளானார்.

படத்தின் உள்ளேயே இருக்கும் குறை இன்னொன்று. மழை பொய்த்தது என்பது தன்வினை. அதே காலத்தில் இந்தியத் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு, தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். இவையெல்லாம் பிறவினை. ஹூப்பரின் படங்களில் இவற்றின் சாயல்கூட இல்லை. மேம்பாலத்தடியில் தூங்குகிறவரின் பாதத்தை மட்டும் படமெடுத்து வரும் பிள்ளை, தன்னை அறியாமல் ஹூப்பரின் வழியில் போகிறது.

போபால், 1984

அப்படியானால் துயரத்தைப் படமெடுக்கவே கூடாதா? கூடும் என்பதற்குச் சான்று போபால். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு பரவியது. அடுத்த நாட்களில் பெயர் தெரியாத ஒரு குழந்தையின் அடக்கத்தை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியோ வண்ணத்திலும் எடுத்தார்கள். மண்ணுக்கு நடுவே குழந்தையின் முகம் மட்டும் தெரிகிறது. அருகே ஒரு கை. அந்தக் கைதான் ஹூப்பரின் படங்களில் இல்லாதது. இறந்த குழந்தைக்கு யாரோ இருக்கிறார்கள் என்று அது சொல்லிவிடுகிறது. பார்த்தலோமியோவின் படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது.

எனினும் இந்தப் படத்திலும் ஆலை இல்லை. வாயு 'கசிந்தது' என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆலையின் குளிர்பதன அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துகொண்டால், 'கசிந்தது' என்ற வினை போதாது என்று புரியும். அதைச் சொல்வது படத்தின் கீழே எழுதும் குறிப்பின் வேலை. பிள்ளைகள் குறிப்பு எழுதுவதைக் கடைசி நிமிஷத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாதிப் படம் அங்கேதான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் குற்றவாளி தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்தேஷ் 1929இல் பாரிஸில் ஜன்னல் வழியாக எடுத்த ஒரு காட்சியின் கண்ணாடி நெகட்டிவ், அவர் 1936இல் அமெரிக்கா போனபோது பாரிஸிலேயே தங்கிவிட்டது. பல வருஷம் கழித்துத் திரும்பக் கிடைத்தபோது அது ஓட்டையும் விரிசலுமாக இருந்தது. அவர் அதைத் தூக்கி எறியாமல் அப்படியே அச்சிட்டார். 'உடைந்த தட்டு' என்று இன்று அதற்குப் பெயர். ஊர் விட்டு ஊர் போனவரின் வாழ்க்கையே அந்த விரிசலில் தெரிகிறது. டிரங்குப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்திறங்கியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

குதுப் மினார்: ஒரு பயிற்சி

தில்லிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைக் கற்க மெஹ்ரோலியை விடச் சிறந்த இடம் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் மின்னல் குதுப் மினாரின் உச்சியைச் சேதப்படுத்தியது; 1368இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்டார். மேல் இரண்டு அடுக்குகளில் வெள்ளைச் சலவைக்கல் கலந்திருப்பது அதன் அடையாளம். 1803 நிலநடுக்கத்தில் மறுபடியும் சேதம். 1828இல் ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் உச்சியில் ஒரு மண்டபத்தைப் பொருத்தினார். பொருத்தமில்லை என்று 1848இல் அதை இறக்கிவிட்டார்கள். இன்றும் அது புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே அலாய் மினார். அலாவுதீன் கில்ஜி இறந்ததும் நின்றுபோன வேலை. பார்க்க இடிந்தது போலிருக்கும். உண்மையில் அது இடியவே இல்லை, கட்டி முடிக்கப்படவில்லை! இடிந்தது, செப்பனிட்டது, இறக்கியது, நின்றுபோனது. ஒரே தோட்டத்தில் நான்கு வினைகள். நான்கையும் பிரித்துக் காட்டும் நான்கு படங்கள் எடுத்தாலே நல்ல திட்டம் பிறந்துவிடும்.

சரி, எப்படிச் செய்யலாம்?

முதலில் ஒரே ஒரு தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த வினைக்குரிய ஒரு பொருளையோ இடத்தையோ பிடித்துக்கொண்டு, மூன்று நாலு தடவை போய்ப் பார்க்க வேண்டும். பத்துப் பொருள்களை ஒவ்வொரு தடவை பார்ப்பதைவிட ஒரு பொருளைப் பத்துத் தடவை பார்ப்பது மேல். விரிசலை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலில்தான் அதன் ஆழம் தெரியும்.

அடுத்து, உடைந்த பொருளோடு அதைப் பயன்படுத்தியவர் கையும், ஒக்கிடுகிறவர் கையும் வர வேண்டும். நம் தெருமுனையிலேயே செருப்புத் தைக்கிறவர் இருக்கிறார், ரஃபூ போடுகிறவர் இருக்கிறார், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவர் இருக்கிறார். அனுமதி கேட்டு, பெயரும் ஊரும் விசாரித்து எடுக்க வேண்டும். அவர் "வேண்டாம்" என்றால் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். தூங்குகிறவரிடம் அனுமதி கேட்க முடியாது. ஆகவே தூங்குகிறவரைப் படமெடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கடைசியாகக் குறிப்பு. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வாக்கியங்கள். ஒன்று தன்வினையில், மற்றது பிறவினையில். "இந்தச் சுவர் விரிசல் விட்டது." "மழைநீர்க் குழாயைச் சுவருக்குள் திருப்பிவிட்டார்கள்." இரண்டாவது வாக்கியம் கிடைக்கவில்லையென்றால் இன்னொரு முறை போய் விசாரிக்க வேண்டும் என்று பொருள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பரணில் கிடக்கும் கீறல் விழுந்த கூஜா, பிடி போன காபி டவரா, கண்ணாடி போன தாத்தா படம், இவற்றைப் பிள்ளை கீழே இறக்கினால் திட்டாதீர்கள். அது எப்போது, எப்படி, யார் கையால் உடைந்தது என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு ஆங்கிலமோ இந்தியோ உங்கள் வாயில் வராது, தமிழ்தான் வரும். பிள்ளைகள் எடுக்கும் அந்தப் படங்களையும் எழுதும் குறிப்புகளையும் அடுத்த பொங்கல் விழாவில் நம் மன்றத்துச் சுவரில் மாட்டிப் பார்க்க எனக்கு ஆசை.