முப்பத்து மூன்று கன அங்குலம்

389, 396, 427, 440, 454. அமெரிக்க மசில் கார்களின் பானட்டிலும் பக்கவாட்டிலும் பளபளத்த இந்த எண்களுக்கு அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் இருந்த மவுசு இன்றும் குறையவில்லை. எட்டு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும் எண்கள் இவை. ஒரு கன அங்குலம் என்பது ஏறத்தாழ 16.4 சிசி. நடுத்தரக் கார்களில் 330-க்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்த காலத்தில், அதன் போன்டியாக் பிரிவு 389-ஐ டெம்பெஸ்ட் காருக்கான கூடுதல் வசதியாக நுழைத்தது. 1964-இல் ஜிடிஓ பிறந்தது அப்படித்தான். 1970-க்குள் செவ்ரோலெட்டின் ஷெவெல் 454-ஐ, அதாவது 7.4 லிட்டரை எட்டிவிட்டது.

பழைய கமாரோ ஒன்றை வாங்கிச் சாலையில் ஓட்டுவதற்காகப் புதுப்பிப்பவரின் கண் முதலில் போவது அந்த 454-இன் மேல்தான். அதில் நியாயமும் இருக்கிறது. சிக்னலில் கிளம்பி நெடுஞ்சாலையில் சேரும் கார், பெரும்பாலும் 1500-க்கும் 4000-க்கும் இடைப்பட்ட சுழற்சியிலேயே வாழ்கிறது. அந்த இடத்தில் காரை நகர்த்துவது முறுக்குவிசை. கொள்ளளவு கூடக்கூட அதுவும் கூடும். ஆனால் 454 ஒரு பிக் பிளாக். ஸ்மால் பிளாக்கைவிடச் சுமார் ஐம்பது கிலோ கூடுதல் இரும்பு முன்சக்கரங்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நேர்ச்சாலையில் அது தெரியாது. வளைவில் திருப்பும்போது தெரியும்.

எதிர்முனையில் நிற்பது 1967-இன் இசட்/28 கமாரோவில் வந்த 302. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்க, 327-இன் சிலிண்டர் விட்டத்தையும் 283-இன் கிராங்கையும் சேர்த்தார்கள். விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3 அங்குலம். பிஸ்டன் குறைந்த தூரமே ஏறி இறங்குவதால் மிக உயர்ந்த சுழற்சியிலும் சளைக்காமல் பாடும் எஞ்சின் இது. பந்தயத் தடத்தில் இதன் அழகே தனி. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்க எஞ்சினை எப்போதும் விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குள் அதற்கு வழி ஏது?

இரண்டுக்கும் நடுவே, தொழிற்சாலைப் பட்டியலில் இல்லாமல் பட்டறைகளில் உருவான 383 இருக்கிறது. (கிரைஸ்லர் விற்ற 383 வேறு, எண் மட்டுமே ஒன்று.) எங்கும் கிடைக்கும் செவ்ரோலெட் 350 பிளாக்கை எடுத்து, சிலிண்டரை 0.030 அங்குலம் ரீபோர் செய்து, 400 எஞ்சினின் கிராங்கை உள்ளே இறக்குவார்கள். 3.48 அங்குல ஸ்ட்ரோக் 3.75 ஆகும். அந்தக் கிராங்க் நேராக உட்காராது. 2.65 அங்குலமுள்ள அதன் மெயின் ஜர்னல்களை 2.45-க்குக் கடைந்து இறக்க வேண்டும். கனெக்டிங் ராடின் போல்ட் உரசாதபடி பிளாக்கின் அடிவிளிம்பைத் தேய்த்து இடம் விட வேண்டும். பேலன்ஸை மறுபடி சரிபார்க்க வேண்டும். இப்போது இதற்கென்றே ஆயத்தக் கிராங்குகள் விற்கின்றன என்றாலும், இந்தப் பொருத்தத்தைக் கையால் கண்டுபிடித்தவர்களின் நுட்பம் வியக்க வைக்கிறது. வெளியே அதே 350. எடையும் அநேகமாக அதே. உள்ளே 33 கன அங்குலம் கூடியிருக்கிறது.

முழு 400-ஐயே வைத்தால் என்ன? அதில் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இடையே தண்ணீர் ஓடாது. 350-இன் ஹெட்டை மாட்டினால் நீராவி வெளியேறத் தனித் துளைகள் போட வேண்டும். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காருக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

நீண்ட ஸ்ட்ரோக்குக்கு விலையும் உண்டு. 6000 சுழற்சியில் 302-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15 மீட்டர் ஓடும்போது 383-இன் பிஸ்டன் 19 மீட்டர் ஓடுகிறது. அதை 5500-க்கு மேல் அடிக்கடி விரட்டாமல் இருப்பதே நல்லது. சாலையில் அது இழப்பே இல்லை. தவிர, 302-இல் ஐடிலில் தடுமாறும் கேம்ஷாஃப்ட் 383-இல் சாதுவாகிவிடும்; கூடிய கொள்ளளவு அதைத் தாங்கிக்கொள்கிறது. ஃபோர்டு பிரியர்கள் தங்கள் 302-இல் 3.40 அங்குல ஸ்ட்ரோக் வைத்து 347 ஆக்குவதும் இதே கணக்கில்தான்.

எஞ்சின் முடிவானதும் பின் அச்சின் கியரையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும். 26 அங்குல டயரும் 3.73 விகிதமும் இருந்தால் மணிக்கு 110 கிலோமீட்டரில் எஞ்சின் 3300 சுற்றும். 0.70 ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸை மாட்டினால் அது 2300-க்கு இறங்கிவிடும். அங்கிருந்து மேட்டைப் பார்த்தாலும் கியர் குறைக்கத் தோன்றாத அளவுக்கு 383-இடம் இழுவை இருக்கிறது.