இளையோர் புதினத்தில் பாத்திர மெய்ம்மையும் காலப் பொருத்தமும்

தோற்றுவாய்

உலா இலக்கியத்தைக் கற்றோர், பருவம் என்னும் கருத்துத் தமிழ்ச் செய்யுள் மரபில் எத்துணை வரையறையோடு கையாளப்பெற்றது என்பதை நன்கறிவர். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் வகுத்து, வயதெல்லையும் கூறின. பேதைக்குக் காமம் இன்னதென்று தெரியாது. பெதும்பையிடத்து அஃது அரும்பும். மங்கை, மடந்தை எனப் பருவம் ஏறஏற முதிரும். வயது இன்னதெனின் செயலும் இன்னதே. ஆங்குப் பாடப்பெறுபவள் ஒரு பருவத்தின் பொதுவுருவமாவாள். உலாவிற்கு இது குறையாகாது. அவ்விலக்கிய வகை வேண்டுவது பொதுவுருவமே.

புதினமோ தனியொருவரை வேண்டுகின்றது. 13 முதல் 19 வயதுவரை உள்ளோரைக் கதைமாந்தராகக் கொண்டு, அவ்வயதினர் படித்தற்கென எழுதப்பெறும் இளையோர் புதினம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் தனியொரு வகையாக வளர்ந்தது. இவ்வகையில் எழுதுவோரையும் இதனை ஆராய்வோரையும் விடாது தொடரும் வினா ஒன்றுண்டு. இளைஞரின் பேச்சும் உடையும் கருவியும் ஓயாது மாறுகின்றன. எழுதுவோரோ பெரும்பாலும் அப்பருவத்தைக் கடந்தவர். கையெழுத்துப்படி நூலாகி வருவதற்குள் நேற்றைய புதுச்சொல் இன்று பழஞ்சொல்லாகிவிடுகின்றது. அங்ஙனமாயின், இளைய பாத்திரம் மெய்யாகவும் காலத்திற்கு ஒத்ததாகவும் அமைவது எவ்வாறு? அமெரிக்க நூல்கள் நான்கினைக் கொண்டு இவ்வினாவை ஆராய்ந்து, தமிழ்ப் புதினத்திற்கு அதனாற் பெறலாகும் பயனையும் சுட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள், சொல், நிலை

காலப் பொருத்தத்தை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது பொருள்: பாத்திரம் உடுக்கும் உடை, கையாளும் கருவி, கேட்கும் இசை முதலியன. இரண்டாவது சொல்: தோழரிடைப் பயிலும் குழூஉக்குறியும் பேச்சின் நடையும். மூன்றாவது நிலை. எதனைச் செய்ய அவனுக்கு உரிமையுண்டு, எதற்கு யாரிடம் இசைவு பெறவேண்டும், தவறினால் எதனை இழப்பான், யாரிடம் எதனைச் சொல்ல இயலாது என்பனவற்றின் தொகுதியையே யாம் நிலை என்கின்றோம்.

முன்னைய இரண்டும் கண்ணுக்கும் செவிக்கும் எளிதிற் புலனாவன. ஆதலின், பாத்திரத்தைக் காலத்தோடு ஒட்டி அமைக்க விரும்புவோர் அவற்றையே முதலில் தேடுகின்றனர். விரைந்து பழமையடைவனவும் அவையே. நிலை மெல்ல மாறுவது. பொருளும் சொல்லும் நிலையோடு பிணைந்தவிடத்து உயிர்பெறுகின்றன. அதனின்று பிரிந்தவிடத்து ஒட்டணியாகி உதிர்கின்றன. இதுவே யாம் நிறுவக் கருதும் கொள்கை.

தொல்காப்பியர் புலனெறி வழக்கத்திற்கு நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டனையும் வேண்டினார். அகத்திணை பற்றிய அக்கருத்தைப் புதினத்திற்கு அவ்வாறே பொருத்துதல் சாலாது. எனினும், உலகியலை உள்ளவாறே படியெடுத்தல் இலக்கியம் ஆகாது என்னும் உண்மையை அஃது இங்கும் உணர்த்துகின்றது. பள்ளி வாயிலில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பெற்ற பேச்சு மொழியாய்வுக்குச் சிறந்த சான்றாகலாம். அது பாத்திரமாவதற்குத் தேர்வும் கோவையும் வேண்டும்.

சொல்லின் வாழ்வு

ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ 1951இல் வெளிவந்தது. அது முதியோர்க்கென வெளியிடப்பெற்ற நூலாயினும் இளையோர் தமதாக்கிக்கொண்ட நூலாகும். 1919இல் பிறந்த ஆசிரியர்க்கு அப்போது வயது 32; கதை கூறும் ஹோல்டனுக்கு 17. டொனால்டு காஸ்டெல்லோ என்னும் ஆய்வாளர் இந்நூலின் மொழியை ஆராய்ந்து, ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்னும் மொழியியல் இதழில் 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹோல்டனின் பேச்சு அக்கால இளைஞர் பேச்சுக்குப் பொதுவானதாகவும், அதேபொழுது அவனுக்கே உரிய தனித்தன்மை உடையதாகவும் அமைந்திருத்தலை அவர் எடுத்துக்காட்டினார். இவ்விரண்டாவது கூறே எம் கருத்துக்குத் துணையாவது. பொதுமை மட்டுமே இருந்திருப்பின், அப்பேச்சு இன்று அகராதிக்குப் பயன்படும் பழம்பொருளாய் நின்றிருக்கும்.

அப்பேச்சு இன்னும் கேட்கத்தக்கதாய் இருப்பதற்குக் காரணம் யாது? பள்ளியினின்று நீக்கப்பட்ட ஹோல்டன், பெற்றோர்க்குத் தெரியாமல் நியூயார்க்கில் விடுதியொன்றில் தங்குகின்றான். ஆங்கு மது கேட்கின்றான். பணியாளர் வயதுச் சான்று கேட்கவே, மதுவற்ற குடிநீரோடு அமைய வேண்டியவனாகின்றான். உயரமும் நரைத்த சில மயிரும் உடைய அவன், முதியோன் போலப் பேச முயலும்போதெல்லாம் உலகம் அவனை இளையோன் இடத்தில் நிறுத்துகின்றது. அவன் மிகைப்படக் கூறுவதும், எதனையும் எள்ளி நகைப்பதும் இந்நிலையினின்று பிறப்பன. வழக்கிறந்த சொல்லாயினும், அதனை அவன் ஏன் சொல்கின்றான் என்பது விளங்குதலால் படிப்போர் தடைப்படுவதில்லை.

எஸ். ஈ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ இதற்கு மறுதலையான ஒரு சான்று. ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரிற் பிறந்த ஹிண்டன், பள்ளி மாணவியாய் இருந்தபோதே இதனை எழுதத் தொடங்கினார். 1967இல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. பெண்ணொருத்தி எழுதியது என்று திறனாய்வாளர் புறக்கணித்தல் கூடும் எனக் கருதிப் பதிப்பகத்தார் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இடச் செய்தனர். இளைஞர் வாழ்வை இளைஞரே எழுதியமையால் நூல் மெய்யாயிற்று எனப் பலர் கூறுவர். அக்காரணம் போதாது. எழுதுவோர் வயதே மெய்ம்மைக்கு உறுதியாயின், முப்பதைக் கடந்த சாலிஞ்சரின் ஹோல்டன் பொய்யாதல் வேண்டும். மேலும், ஹிண்டனின் இளைஞர் சிலவிடத்து அவ்வயதினர் வாய்விட்டுச் சொல்லாத மென்மையையும் சொல்லிவிடுகின்றனர். ஆண்டு நாடக வழக்கு மேலோங்கி நிற்கின்றது.

இந்நூலில் ஏழை இளைஞர் ‘கிரீசர்கள்’ என்றும், செல்வர் வீட்டு இளைஞர் ‘சோஷ்கள்’ என்றும் வழங்கப்பெறுகின்றனர். துல்சாவின் ஒரு காலத்துக் குழூஉக்குறிகள் இவை. இச்சொற்களின் பொருளைக் கதை கூறும் 14 வயதுப் போனிபாய் தொடக்கத்திலேயே விளக்கிவிடுகின்றான். அவ்விளக்கம் அகராதிப் பொருளாய் நில்லாது, யார் யாரை அடிப்பர், யார்மேல் பழி விழும் என்பதையும் உள்ளடக்கியதாய் அமைகின்றது. சொல் வகுப்பு வேற்றுமையின் பெயராகிவிட்டமையால், அதனை நீக்கின் கதையே நீங்கும். பழஞ்சொல் மறைதலையும் புதுச்சொல் தோன்றலையும் நன்னூலார் காலத்தின் இயல்பெனக் கொண்டார். வழக்கொழியும் சொல்லைக் கையாளும் ஆசிரியன், அதன் பொருளைக் கதைக்குள்ளேயே நாட்டிவிடுவானாயின் அஃது ஒழிந்த பின்னும் நின்று பேசும் என்பதற்கு இந்நூல் சான்றாகும்.

பொருளின் மாற்றம்

இனிப் பொருள் பற்றிக் காண்போம். ஜூடி ப்ளூமின் ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’ 1970இல் வெளிவந்தது. பன்னிரண்டு வயதை எட்டும் மார்கரெட்டும் அவள் தோழியரும் தம் உடலின் வளர்ச்சியை எதிர்நோக்கியிருக்கின்றனர். முதற்பதிப்பில், மாதவிடாய் நாளில் அணையாடையை இடுப்பு வாரொடு பிணைக்கும் பழைய முறை கூறப்பட்டிருந்தது. அம்முறை வழக்கொழிந்தபின், ஒட்டும் அணையாடையாக அது திருத்தப்பெற்றது. இத்திருத்தத்தை யாம் உடன்படுகின்றோம். அச்சிறுமியின் கவலை கருவி பற்றியதன்று. தோழியரினும் பிந்திவிடுவோமோ என்னும் அச்சமே அது. கருவி மாறியும் அவள் நிலை மாறவில்லை. வாசிக்கும் சிறுமிக்கோ இடையே நின்ற தடையொன்று விலகியது. மார்கரெட்டின் தந்தை யூதர். தாய் கிறித்தவக் குடும்பத்தினர். எச்சமயத்தைச் சார்வது என்பதை அவளே பின்னாளில் தேர்ந்துகொள்ளட்டும் எனப் பெற்றோர் விட்டுவிட, உறவினரோ தத்தம் பக்கம் இழுக்கின்றனர். நூலின் உயிர்நிலை இங்கே உள்ளது. அதில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

லாயிஸ் டங்கனின் ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ (1973) வேறொரு பாடம் கற்பிக்கின்றது. இளைஞர் நால்வர் சென்ற மகிழுந்து மோதிச் சிறுவன் ஒருவன் இறக்கின்றான். நால்வரும் அதனை மறைக்கச் சூளுறவு கொள்கின்றனர். ஓராண்டு கழித்து, அவருள் ஒருத்திக்குப் பெயரில்லாத குறிப்பொன்று வருகின்றது. 2010இல் இந்நூல் மறுபதிப்பானபோது ஆசிரியரே அதனைக் காலத்திற்கேற்பத் திருத்தினார். கதைமாந்தர் கைபேசி பெற்றனர். வியட்நாம் போரினின்று மீண்ட ஒருவன் ஈராக் போரினின்று மீண்டவனாக்கப்பட்டான்.

ஒரு பெயருக்கு மற்றொரு பெயரை இடும் எளிய மாற்றம்போல் இது தோன்றும். ஆயின், அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேர்க்கை முடிவுற்றது 1973இலேயே. அதற்கு முந்திய ஆண்டுகளில், 18 வயது நிரம்பிய ஆண்மகனுக்குப் போர் என்பது தன் வீட்டு வாயிலுக்கே ஓலையாய் வரக்கூடிய ஒன்று. 2003இல் தொடங்கிய ஈராக் போரிற் பொருத அமெரிக்கப் படையினரோ தாமே விரும்பிச் சேர்ந்தோர். முதற்பதிப்பைப் படித்த இளைஞன், போரினின்று மீண்டவனிடத்துத் தனக்கும் நேரக்கூடியதைக் கண்டான். திருத்திய பதிப்பைப் படிப்பவன் பிறனொருவன் தேர்ந்த வாழ்வைக் காண்கின்றான். பெயர் புதிதாயிற்று, இளைஞனுக்கும் போருக்கும் இடையிலிருந்த உறவு நழுவியது.

கைபேசியும் அத்தகையதே. அச்சம் விளைக்கும் கதைகளில் இளையோர் தனித்து அகப்படுதல் இன்றியமையாதது. கைபேசியைக் கொடுத்துவிட்டால் அத்தனிமை கெடும். கெடாதிருக்க, மின்கலம் தீர்ந்தது என்றோ குறியலை கிட்டவில்லை என்றோ ஆசிரியர் கூற நேரும். அவ்வாறாயின் கருவி கதைக்குள் வந்தும் வராததே. கைபேசி இளைஞர் நிலையை மெய்யாக மாற்றியது வேறிடங்களில்: எந்நேரமும் பெற்றோர் அழைப்புக்கு உட்படுதல், பள்ளி முடிந்தும் தோழர் கூட்டம் கலையாமை, ஒரு நொடி நேர்ந்த நாணம் படமாகிப் பலர் கையிற் சேர்தல். இவற்றைக் கருதாது கருவியின் பெயரை மட்டும் புகுத்துவது காலப் பொருத்தம் ஆகாது.

நிலையே நிலைபெறுவது

ஹிண்டனின் நூல் இத்தகைய திருத்தமின்றியே நிற்பதன் காரணம் இப்போது தெளிவாகும். போனிபாயின் பெற்றோர் மகிழுந்து விபத்தில் இறந்தனர். 20 வயது மூத்தவன் டாரி, கல்லூரிக் கல்வியைத் துறந்து உழைத்துத் தம்பியர் இருவரைக் காக்கின்றான். தம்பியர் ஏதேனும் வழக்கில் அகப்படின், அரசு அவர்களைப் பிரித்துச் சிறுவர் இல்லத்திற்கு அனுப்பிவிடும். இவ்வொரு செய்தியே கதையில் நிகழும் ஒவ்வொரு சிறு சண்டைக்கும் எடை தருகின்றது. தமையன் சினந்து கைநீட்டிய இரவில் போனிபாய் வீட்டைவிட்டு ஓடுகின்றான். தந்தை, தமையன் என்னும் இரண்டு கடமைகளையும் சுமக்க மாட்டாத ஓர் இளைஞனும், அச்சுமையை வெறுப்பென்று பிறழ உணரும் ஒரு சிறுவனும் எதிரெதிர் நிற்றலை ஆண்டுக் காண்கின்றோம். தலைமயிரில் பூசிய எண்ணெயும் மடக்குக் கத்தியும் 1960களைச் சார்ந்தன. தமையனிடம் தன் அச்சத்தைச் சொல்ல இயலாத தம்பியின் நாவு எக்காலத்தையும் சார்ந்தது.

ஒரு தடை இங்கு எழலாம். நிலையே முதன்மையாயின், எல்லாக் காலத்து இளைஞரும் ஒருவரே ஆகாரோ, உலாவின் பொதுவுருவத்திற்கே மீண்டுவிடமாட்டோமோ என்பது அத்தடை. நிலை என யாம் கூறுவது வயதை மட்டும் பற்றியதன்று. வயதோடு குடும்பம், செல்வம், சாதி, பால், சட்டம், ஊர் என்பன கூடும்போதே நிலை அமைகின்றது. இரு சிறுவர் வயதால் ஒத்திருப்பினும் நிலையால் வேறுபடுவர்.

தமிழிற் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இதனை நன்கு விளக்கும். பண்ணையாளாய் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனின் வாழ்வைக் கூறும் அப்புதினம், இளையோர்க்கென்றே எழுதப்பட்டதன்று. கொங்குநாட்டுப் பேச்சு அதில் நிறைந்துள்ளது. மேய்ச்சற் காட்டில் தோழரோடு விளையாடும்போது அவன் சிறுவன். பண்ணையார் முன் அவன் ஆள். இவ்விரண்டிற்கும் இடையே அவன் குரல் மாறுதலே அப்பாத்திரத்தை மெய்யாக்குகின்றது.

இக்குரல் மாற்றம் தமிழிற் புனைவோர்க்குக் கிடைத்த தனிவளம் எனலாம். நீ, நீங்கள் என்னும் வேறுபாடும், ‘டா’, ‘டி’ என்னும் விளிகளும், முறைப்பெயர்களும் ஒருவன் நிலையை ஒரு சொல்லிலேயே காட்டவல்லன. நாடோறும் ‘டா’ என்று பேசிய தோழன் ஒருநாள் அதனை விடுத்துப் பெயர் சொல்லி அழைப்பானாயின், நட்பு முறிந்தது என்பதை எந்தப் புதுச்சொல்லும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. இதனை மறந்து, ஆங்கிலச் சொற்களை வரிதோறும் பெய்து இளமை காட்ட முனைவோரும் உளர். பதினைந்து வயதுப் பாத்திரத்தை விரிவுரையாளர் நடையிற் பேசவைப்போரும் உளர். இளைஞன் ஒருவன் தாயிடத்தும் தலைமையாசிரியரிடத்தும் தோழனிடத்தும் வேறுவேறாகப் பேசுகின்றான் என்னும் உண்மையை இரு சாராரும் மறந்தவராவர்.

முடிபு

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். இளைய பாத்திரத்தின் மெய்ம்மை, ஆசிரியர் வயதாலோ, புதுச்சொற்களின் தொகையாலோ உறுதிப்படுவதன்று. வழக்கிறந்த பொருளொன்று பாத்திரத்தின் நிலையைத் தொடாதவழி அதனை மாற்றுதல் தகும். தொடுமாயின் மாற்றுவோர் கதையையே மீள எழுதும் கடமை உடையர். அங்ஙனம் எழுத இயலாதவழிப் பழையதைப் பழையதாகவே விடுதல் நன்று. தம் காலத்தினும் வேறானதொரு காலம் இருந்தது என்பதையும், அக்காலத்து இளைஞரும் தம்மைப் போலவே அஞ்சினர் என்பதையும் அறியும் உரிமை இளைய வாசகர்க்கு உண்டு.

இளையோர் புதினத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர்க்கு ஒன்று கூற விழைகின்றோம். பாத்திரம் வழங்கும் புதுச்சொற்களைத் தொகுத்துப் பட்டியலிடுதல் பயனுடைய முதற்பணி. அதனோடு அமைதல் கூடாது. அப்பாத்திரம் யாரிடம் எதனைச் சொல்ல இயலாமல் நிற்கின்றது என்பதையும் வினவுக. அவ்வினாவிற்கு நூல் தெளிவான விடை தருமாயின், அதன் சொற்களுட் பல மறைந்த பின்னும் அது படிக்கப்படும்.